மார்க்கெட் வாசலில் நடவு

கிறீச்சென்று பிரேக் அலறுகிறது. காந்தி மார்க்கெட் வாசலில், வாழைத்தார் ஏற்றிவந்த லாரி, குனிந்திருக்கும் பவுனம்மாளின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. கிழவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முசிறியிலிருந்து விற்கக் கொண்டுவந்த தண்டுக்கீரைக் கட்டு இடது கையில் இருக்கிறது. வலது கை அதிலிருந்து ஒவ்வொரு செடியாகப் பிரித்து, மழை தேங்கிய சேற்றில் ஊன்றுகிறது. நடவுக்காரிகளைப் போலவே பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுத்தெருவுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் சிவந்த தண்டுகள் வரிசை பிசகாமல் வெயிலில் பளபளக்கின்றன. “என்ன ஆத்தா, அறுப்பு எப்போ?” என்று கேட்ட மூட்டைக்காரனின் சிரிப்பு, அவள் கண்களைப் பார்த்ததும் பாதியில் நின்றுபோகிறது. டீ வாங்கப் போன மகள் வள்ளிக்கண்ணு, நரைத்த தலை கலைய ஓடிவருகிறாள். “அம்மா, லாரிம்மா! தள்ளி வாம்மா!” குச்சியாய் மெலிந்த தோளைப் பிடித்து இழுக்கிறாள். கிழவியின் விரல்கள் நிற்கவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறான். பவுனம்மாள் மெல்ல நிமிர்ந்து, வேற்றாளைப் பார்ப்பதுபோல் மகளைப் பார்க்கிறாள்.

“கைய எடுங்கம்மா. என் மக வள்ளிக்கண்ணு தூளியில பசியில அழுவுது. இந்த நாத்த நட்டு முடிச்சாத்தான் நான் போயிப் பால் குடுக்க முடியும்.”