கூரை அதிரும் பாட்டு

"மெதுவான பாட்டே வேண்டாம்மா. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா, கூரை அதிர்ற மாதிரி எடு. கரோக்கி முடியறவரைக்கும் ஒருத்தரும் ஹாலை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

தையல் பிரிவு சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலை நேரத்துல வாயைத் திறந்தாலே திட்டுவீங்க. இன்னிக்கு மட்டும் பாடணுமா சார்?"

"ஒருநாளாவது சந்தோஷமா இருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டேதான் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் மாலையில் முதல் பாட்டுக்கே ஹால் அமர்க்களப்பட்டது. பேசவே கூச்சப்படும் பட்டன் தைக்கும் அக்காகூட மைக்கைப் பிடுங்கிப் பாடினாள். மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியது.

குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோக, எடுத்துவரப் பின்பக்கம் போனாள். பின்கேட்டருகே, உள்பக்கம் ஒரு லாரி நின்றது. அதில் அவர்களுடைய தையல் மெஷின்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நாங்க எதுல சார் தைக்கிறது?"

"கம்பெனியை மூடறாங்கம்மா. நீ உள்ள போய் அடுத்த பாட்டைப் போடு."

உள்ளே போனவள் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பாட்டு பாதியில் நின்றது. "நம்ம மெஷினையெல்லாம் லாரியில ஏத்திட்டாங்க!" என்று கத்தினாள். லாரியைக் கிளப்பும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

பட்டன் தைக்கும் அக்காதான் முதலில் ஓடிப்போய்ப் பின்கேட்டை இழுத்து மூடினாள்.