ஒரிஜினல் மேடை

"உளியைக் கீழே போடுய்யா! எழுபத்தஞ்சு வருஷத்துச் சமையல் மேடை அது!"

கணவர் போட்ட கூச்சலில் கொத்தனார் உளியோடு சுத்தியலையும் சேர்த்துக் கீழே போட்டார். அவரை வரச் சொன்ன மனைவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒரு முழம் உயர்த்திக் கட்டிக்கறேன்னுதானே கேக்கறேன்? குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு. இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டார்."

"டாக்டருக்குக் கட்டடத்தப் பத்தி என்ன தெரியும்?"

இவருக்கு மட்டும் என்ன தெரியுமாம்? போன வருஷம்வரை ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு புரட்டிக்கொண்டிருந்த மனுஷர். இந்தப் பழைய வீட்டை வாங்கிய மறுநாளே நிபுணர் ஆகிவிட்டார். எதைத் தொட்டாலும் "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று அலறுவதால் தெருவில் அவருக்குப் பெயரே ஒரிஜினல்தான்.

மொசைக் தரை ஒரிஜினல். காலைப் பரப்பிக்கொண்டு நிற்கும் மர நாற்காலிகள் அந்தக் காலத்து ஒரிஜினல், உட்கார்ந்தால் ஆடும். கறுப்பு உருண்டை சுவிட்சுகளை ஈரக்கையால் தொட்டால் தூக்கிப் போடும். அந்த ஷாக்கும் ஒரிஜினல்தான்.

இடையில் முப்பது வருஷம் அந்த வீடு ஒரு கம்பெனியின் கிடங்காக இருந்தது. எந்த அறை எதற்கு என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை. பின்பக்க அறையில் மேடை, குழாய், தண்ணீர் போக வழி எல்லாம் இருக்கவே, அதுதான் சமையலறை என்று ஒரிஜினல் தீர்ப்பு எழுதிவிட்டார்.

மேடை என்னவோ முழங்கால் உயரம்தான். அதை ஒட்டிச் சுவரில் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் இரும்பு வளையம். கைத்துண்டு மாட்ட என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க இதுல குனிஞ்சு சமைச்சாங்க, கல்லு மாதிரி இருந்தாங்க. உனக்கு உடம்பு வளையலைன்னா அது மேடையோட தப்பா?"

"ஒரே ஒரு நாள் நீங்க குனிஞ்சு வெங்காயம் நறுக்குங்க பாப்போம்."

"வீட்டைக் கட்டினவரோட மகன் இன்னும் அரை மணி நேரத்துல வரார். இங்கயே பொறந்து வளர்ந்தவர். அவர் வாயால 'உடை'ன்னு ஒரு வார்த்தை வரட்டும், நானே உடைக்கறேன்!"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் இருக்கவாம்மா, போகவா?"

"இருங்க," என்றாள் அவள்.

வந்தவர் எழுபதைத் தாண்டிய, சாதுவான மனிதர். மனைவி கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி ஒரிஜினலின் பின்னால் நடந்தார். அவர் பிறந்த வீட்டை அவருக்கே அறை அறையாக விளக்கிக்கொண்டு போனார் நம் நிபுணர்.

"ஜன்னல் கம்பி, தரை, கதவு எல்லாம் அப்படியே இருக்கே! அப்பா பாத்திருந்தா அழுதிருப்பார்," என்று பெரியவர் நெகிழ்ந்துபோனார்.

ஒரிஜினல் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"இப்பதான் சார் முக்கியமான இடம். வாங்க, வாங்க," என்று பின்பக்க அறைக்குள் தள்ளாத குறையாக அழைத்துப் போனார். "உங்கம்மா கை பட்ட மேடை. ஒரு கீறல் விழ விடலை!"

பெரியவர் மேடையைப் பார்த்தார். அதன்மேல் இருந்த அடுப்பையும், பாத்திரங்களையும், பாதி நறுக்கிய வெங்காயத்தையும் பார்த்தார். பிறகு கையிலிருந்த டீயைப் பார்த்துவிட்டு, கப்பை மெதுவாக ஜன்னலில் வைத்தார்.

"டீ... இங்கயா போட்டீங்க?"

"டீ மட்டுமா சார்? ஒரு வருஷமா மூணு வேளைச் சமையலும் இதுலதான். நீங்களே சொல்லுங்க, உங்கம்மா எப்படித்தான் இங்க சமைச்சாங்க?" என்றாள் மனைவி.

"அம்மா இங்க எங்க சமைச்சாங்க? முன்னால ஒரு ரூம்ல இவர் நாற்காலியா அடுக்கி வச்சிருக்காரே, அதுதான் எங்க சமையல் ரூம்."

ஒரிஜினல் மேடையைத் தடவிப் பார்த்தார். "அப்ப... இந்த மேடை?"

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. சங்கடத்தோடு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நாயைக் குளிப்பாட்டுற மேடைம்மா இது."