ஒரு ரூபாய் அகலம்

"நீ வாங்குன கடன் நாலாயிரத்து அறுநூத்தம்பது ரூபா. மாதா சாட்சியா வுட்டுட்டேன். நீ தர வேணாம் நாராயணசாமி."

பிலவேந்திரன் சட்டையைக் கழற்றிவிட்டு, மோட்டார் கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றார். முதுகின் நடுவில் கருப்பாக ஒரு மரு. அவர் கண்ணுக்கு எட்டாத இடம். கூடக் கரும்பு வெட்டும் நாராயணசாமிதான் ஒரு ரூபாய்க் காசை அதன்மேல் வைத்து அளந்து சொல்வான்.

"அண்ணே, போன பொங்கலுக்கு காசுக்குள்ள அடங்கிக் கெடந்துது. இப்ப சுத்தியும் வெளிய தெரியுது." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வளருதுன்னா புத்துநோய்தான். போறவனுக்கு பாக்கி எதுக்கு?"

விஷயம் தெரிந்ததும் மனைவி ரீத்தா கத்தினாள். "சாவறதா இருந்தாலும் டாக்டரப் பாத்துட்டு சாவுங்க!"

மறுநாள் காலை மூங்கில்துறைப்பட்டில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தோல் டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்து முதுகை நிதானமாகப் பார்த்தார். "மெழுகு ஒட்டவெச்ச மாதிரி இருக்கு. வயசானா வர்ற மருதான். பெரிசாயிட்டே வருதா?"

"ஆமாம்மா. ஒரு ரூபாயத் தாண்டிடுச்சி."

"எந்த ஒரு ரூபா?"

டாக்டரம்மா கைப்பையிலிருந்து இரண்டு காசுகளை எடுத்தார். ஒன்று பழையது, அகலம். அதை வைத்ததும் மரு மறைந்தது. இன்னொன்று புதியது, சின்னது. அதை வைத்ததும் சுற்றிலும் கருப்பு தெரிந்தது.

"ரெண்டுமே ஒரு ரூபாதான். மரு வளரலங்க, காசுதான் சின்னதாயிடுச்சி. ஆனா ரத்தம் கசிஞ்சாலோ, உள்ளங்கால்ல, நகத்துல புதுசா கருப்பு வந்தாலோ உடனே வாங்க. காசு வெச்சி அளந்துக்கினு உக்காராதீங்க."

சாயங்காலம் சேதி கேட்க நாராயணசாமி வந்தான். ரீத்தா வாசல் அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காசுன்னு நான் எங்கண்ணே பாத்தேன்? கையில கெடச்சத வெச்சேன்" என்று கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"சரி, போவட்டும். அப்ப அந்த நாலாயிரத்து அறுநூத்தம்பது..."

"மாதா சாட்சியா வுட்டதாச்சேண்ணே! திருப்பிக் கேட்டா பாவம். உனக்குத் தெரியாததா?"

பிலவேந்திரன் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் மாதாவுக்குப் பயந்தவர்.

ரீத்தா சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "தம்பி, சித்த குனி. பின்கழுத்துல இன்னா அது?" விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்."

பார்த்த பிலவேந்திரனின் முகம் மாறியது. "ஆமாம்பா. நல்லா கருப்பா இருக்குது. நேத்து இல்லியே!"

நாராயணசாமி கையால் தடவப் போனான்.

"தொடாத! தொட்டா பரவிடப் போவுது" என்றாள் ரீத்தா.

"காசு வெச்சிப் பாரு அண்ணி!" குனிந்தபடியே கெஞ்சினான் நாராயணசாமி.

"எந்தக் காசு? பழசா, புதுசா?"

"வெளாடாத அண்ணி. நாளைக்கே டாக்டரம்மாகிட்ட என்ன இட்டுக்கினு போ!"

"போலாம். ஆனா தம்பி, போறவனுக்கு பாக்கி எதுக்குன்னு இவரு வுட்டாரு. அதே மாதிரி, போறவன் பாக்கி வெச்சிட்டுப் போவலாமா?"

நாராயணசாமி மடியை அவிழ்த்தான். அன்றைக்குத்தான் வெட்டுக் கூலி கொடுத்திருந்தார்கள். ஒன்பது ஐந்நூறு, ஒரு நூறு, ஓர் ஐம்பது. எண்ணி பிலவேந்திரன் கையில் வைத்துவிட்டு, கழுத்து எதிலும் படாமல் தலையை முன்னால் நீட்டியபடியே நடந்து போனான்.

பிலவேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், வயசுப் பையன். மருந்து செலவுக்காவது இதத் திருப்பிக் குடுத்துடலாமா?"

"ஒரு செலவும் இல்ல, சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்லுங்க" என்ற ரீத்தா, விரலில் மிச்சமிருந்த சட்டிக்கரியை அடுப்படித் துணியில் துடைத்தாள்.