ஆறு வளையல்கள்

“எண்பத்தேழுல பட்டாளத்துக்காரங்க செஞ்ச மாதிரி மறுபடியும் சர்க்காரைக் கவுக்கப் போறாங்களாம். பாங்கில கிடந்தா நம்ம காசு கோவிந்தாதான்,” என்றபடி, சின்னப்பன் தன் மருமகள் அஞ்சீதாவின் கையில் ஆறாவது தங்க வளையலை ஏற்றினார். பிஜித் தீவின் சவேனியில் இருபது வருஷம் கரும்பு போட்டுச் சேர்த்த பணம் முழுவதும் அந்த ஆறு வளையல்களாக மாறியிருந்தது.

“ஆக்லாந்து போற பொண்ணு கையில வளையல் கிடந்தா ஏர்போர்ட்ல எவனும் கேக்க மாட்டான்.”

“நிலைமை சரியானதும் கொண்டாந்து குடுத்துடறேன், மாமா.”

அவளுக்கு வழியெல்லாம் பயம். ஒன்று தொலைந்தாலும் இவர்கள் வயசான காலத்தில் என்ன செய்வார்கள்?

விமான நிலையத்தில் மாமியார் தாயம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அழாதீங்க அத்தை. வளையலைப் பத்திரமா வச்சிருப்பேன்.”

“அடி பைத்தியம், வளையலுக்கா அழறேன்? நேரா குடுத்தா நீ வாங்க மாட்டேன்னுதான் இந்த மனுசன் சர்க்காரை இழுத்தாரு. எம் புள்ள செத்து நாலு வருஷமா எங்களைப் பாத்துக்கிட்டவ நீ. ரெண்டாங் கல்யாணத்துக்குப் போறவளை வெறுங்கையோடவா அனுப்புவோம்?”

அஞ்சீதா பதறிப்போய் வளையல்களைக் கழற்றத் தொடங்கினாள். சின்னப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க யாராச்சும் கேட்டா, அப்பா வீட்டுல போட்டதுன்னு சொல்லு.”