ஐந்தாவதாக இறங்கியவர்

போத்தனூர்ப் பள்ளி அரங்கில், ஜோவிதா உருவாக்கிய வீடியோ கேமைப் பிள்ளைகள் பெரிய திரையில் விளையாடினார்கள். செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் நான்கு பேரின் உடம்பை அவர்கள் காப்பாற்ற வேண்டும். எடையில்லாமல் மிதக்க மிதக்க எலும்பு தேயும், பார்வை மங்கும். பிள்ளைகள் நால்வரையும் விடாமல் உடற்பயிற்சி செய்யவைத்து, உயிரோடு பூமியில் இறக்கினார்கள். அரங்கமே கைதட்டியது. ஜோவிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

திரையில், நிற்கத் தெம்பில்லாத நால்வரையும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் விண்கலத்திலிருந்து இறங்கி, கைகளைப் பின்னால் கட்டியபடி நிதானமாக நடந்து வந்தார்.

“ஏனுங்க மேடம், நாலு பேருன்னுதானுங்க சொன்னீங்க?” என்றார் தலைமையாசிரியர்.

ஜோவிதா வரைந்ததும் நான்கு பேரைத்தான்.

பக்கத்தில் இருந்த அம்மா அருள்செல்வி, சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். “உங்கப்பா, கண்ணு. அந்த நடை எனக்குத் தெரியாதாக்கும்?”

ரயில் ஓட்டிய அப்பா, வேலை வேலை என்று மகளின் ஒரு பள்ளி விழாவுக்கும் வந்ததில்லை. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஜோவிதாவும் எழுந்தாள். பிள்ளைகளின் கைதட்டல் ஓய்ந்த பிறகும், திரையில் நின்ற அவர் அவளைப் பார்த்தபடி கைதட்டிக்கொண்டே இருந்தார்.