ரிவர்ஸ் கியர்

லாரி பின்னால் போய்ச் சுவரில் மோதியதில் உடைந்த கால் டிரைவருக்குக் கூடிவிட்டது. ஆனால் ரிவர்ஸ் கியரைத் தொட்டாலே அந்தக் கால் உதறியது.

"என்னால முடியாது முதலாளி. வேற வேலை பாத்துக்கறேன்."

அப்போது யாரோ ஒரு பெரியவர் லாரிக்குப் பின்னால் போய்ப் பலகையைத் தட்டினார். "வா தம்பி... வரலாம்..."

"தள்ளி நில்லுங்கய்யா!"

"நான் பாத்துக்கறேன். நீ வா."

வியர்க்க விறுவிறுக்க லாரியைப் பின்னால் எடுத்தான்.

"ஹோல்டான்!"

இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா."

"கண்ணாடியில நான் தெரிஞ்சேனா?"

"இல்லய்யா. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

பெரியவரின் இன்னொரு கை லாரிப் பலகை மேலேயே இருந்தது.

"போலீஸ்லயும் இதையேதான் சொன்னே. நான்தான் நம்பல. வேலைய விட்டுடாத தம்பி... அன்னிக்குச் சுவத்துக்கும் லாரிக்கும் நடுவுல நின்னது என் மகன்."