வில்லோவுக்குக் காவல்

"இந்த மரம் செத்துட்டா எங்க ஊட்டு மனுசன் ஒடஞ்சு போயிடுவாரு அக்கா. நீங்கதான் பாத்துக்கிறணும்."

மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படும் அவசரத்திலும் நூருன்னிஸா பக்கத்து வீட்டு மங்களேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து மூலையில் நின்றது ஒரு மொட்டைக் குச்சி. மலைக்குளிர் ஊரான நுவரெலியாவின் ஏரிக்கரையில் கூந்தலை அவிழ்த்துவிட்டாற்போல் தொங்கும் வில்லோ மரத்தைப் பார்த்து மயங்கி, அவள் கணவர் யாகூப் நானா கன்று வாங்கிவந்து நட்ட இடம் அது. மிளகு காயும் மாத்தளை வெயிலில் அதெல்லாம் வராது என்று தெருவே சிரித்தது. வரவைத்துக் காட்டுகிறேன் என்று அவர் மீசையை முறுக்கியிருந்தார்.

"எலையக் காணோமே, தங்கச்சி?"

வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தாள் நூருன்னிஸா. "கொட்டிட்டுத் திரும்பத் துளிர்க்கிற சாதி அக்கா. தண்ணிய மட்டும் ஊத்துங்க."

மங்களேஸ்வரி ஊற்றினாள். தண்ணீர், அரிசி கழுநீர், சாணிக் கரைசல், எதையும் விட்டுவைக்கவில்லை. மாரியம்மனுக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டாள். குச்சி மசியவில்லை. ஒருநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், பச்சையே இல்லை. பதறிப்போய் இழுத்தாள். வேர்கூட இல்லாமல் கையோடு வந்தது.

"ஊத்தி ஊத்தியே அழுக வச்சிட்டேன்டா பாவி," என்று மகன் உதயராஜிடம் புலம்பினாள். "அந்தப் புள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஒரு குச்சிக்கா இந்த ஒப்பாரி என்று அவன் கேலி செய்தான். ஆனாலும் விடிந்ததும் பஸ் ஏறி நுவரெலியா போய், அதே உயரத்தில் தளதளவென்று ஒரு வில்லோக் கன்றைத் தேடிப்பிடித்து மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அதே குழியில் நட்டார்கள். பழைய குச்சி அடுப்புக்குப் போனது.

பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீருமாக மக்காவிலிருந்து இருவரும் வந்து இறங்கினார்கள். யாகூப் நானா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிரித்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நூருன்னிஸா ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மங்களேஸ்வரியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அகப்பட்டுக்கொண்டோம் என்று மங்களேஸ்வரிக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நூருன்னிஸா கண்கலங்கிக் கிசுகிசுத்தாள்.

"அல்லாகிட்ட துஆ கேட்டேன்தான் அக்கா, ஆனா இப்படிப் பலிக்கும்னு நெனைக்கல. அந்தக் கன்னு நாங்க போறதுக்கு முந்தியே பட்டு ஒடிஞ்சு போச்சு. அவரு மனசு நோகுமேன்னு நான் நட்டுட்டுப் போனது, எங்க ஊட்டு ஒட்டடைக் கம்பு."